ரெடிமேட் வீட்டில் தறி நிற்குமா?

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்து நெசவாளர் வீடுகளில் முதலில் இடம் பிடிப்பது தறி. மிச்ச இடத்தில்தான் மனிதர்கள். மகனுக்குக் கல்யாணம், அடுத்து பேரப்பிள்ளை என்று குடும்பம் பெருகும்போது, ‘ரெடிமேட் வீடு ஒன்றை இறக்கிவிடலாமா?’ என்ற பேச்சு எழுகிறது. நல்ல யோசனைதான். அதோடு சில நம்பிக்கைகளும் சேர்ந்து வருகின்றன. அவற்றைச் சரிபார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.

நம்பிக்கை: ஆலையில் செய்து பொருத்திய வீடு ஒட்டுப்போட்ட வீடு, உறுதி இருக்காது.

உண்மை: சென்னை பெரும்பாக்கத்தில் முன்வார்ப்புக் கான்கிரீட் பாகங்களைப் பொருத்தி 1,152 அடுக்குமாடி வீடுகள் எழுப்பப்பட்டன. 2021 ஜனவரி 1 அன்று அடிக்கல் நாட்டி, 2022 மே 26 அன்று திறந்தார்கள். இணைப்பின் அருமை காஞ்சிக்காரருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. புடவையின் உடலையும் கரையையும் தனித்தனி நிறத்தில் பிணைக்கும் கோர்வைதான் நம் ஊரின் பெயரைக் காப்பாற்றுகிறது. வீட்டிலும் அதையே பாருங்கள். இணைப்பை எதைக் கொண்டு நிரப்புகிறார்கள், ஐப்பசி மழையில் நீர் கசியாமல் இருக்க என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள்.

நம்பிக்கை: கன்டெய்னர் வீடு போதும், தறியையும் உள்ளேயே போட்டுக்கொள்ளலாம்.

உண்மை: பெரிய கன்டெய்னர் 40 அடி நீளம் இருந்தாலும் அகலம் 8 அடிதான், உள்ளளவு அதைவிடக் குறைவு. வழக்கமான உயரம் எட்டரை அடி. தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி ஏற வேண்டும். கீழே, மிதி இயங்கக் குழி வேண்டும். கன்டெய்னர் தரையில் குழி தோண்ட முடியாது. அதனால் தறி அறையை மட்டும் தரையோடு தரையாக அமைத்து, அஸ்திவாரம் போடும்போதே குழிக்கு இடம் விடச் சொல்லுங்கள்.

தூளியும் அப்படித்தான். பஃப் பேனல் கூரை என்பது இரண்டு மெல்லிய தகடுகளுக்கு நடுவே நுரை. அதில் திருகிய கொக்கி குழந்தையின் பாரத்துக்குப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். தொட்டில் எங்கே ஆடும், ஊஞ்சல் எங்கே தொங்கும் என்று வரைபடத்தில் குறித்துக்கொடுத்தால், எஃகு உத்தரத்திலேயே கொக்கியைப் பற்றவைத்து அனுப்புவார்கள். தயவுசெய்து இதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள்.

நம்பிக்கை: தகர வீடு, சித்திரையில் கொதிக்கும்.

உண்மை: ஒற்றைத் தகடு கொதிக்கும். நுரை அடைத்த பேனல் வெப்பத்தைத் தடுக்கும். இருந்தாலும் மேற்கே நிழலும் எதிரெதிர் சன்னல்களும் வேண்டும்.

நம்பிக்கை: லாரியில் வந்து இறங்கும் வீட்டுக்கு அனுமதி எதற்கு?

உண்மை: குடியிருக்க நிலையாக நிறுத்தும் வீடு எதுவானாலும் கட்டடம்தான், திட்ட அனுமதி வேண்டும். அதோடு, நம் ஊர்க் கைலாசநாதர் கோயிலும் வைகுண்டப் பெருமாள் கோயிலும் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பவை. பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானத்துக்குத் தடை. அதற்கப்பால் மேலும் 200 மீட்டர் வரை தனி அனுமதி வாங்க வேண்டும். கோயிலை ஒட்டிய தெருக்காரர்கள் முதலில் விசாரிக்க வேண்டியது இதைத்தான். கூடவே, டிரெய்லரும் கிரேனும் உங்கள் தெருவுக்குள் திரும்புமா, மின்கம்பி இடிக்குமா என்றும் ஒருமுறை நடந்து பாருங்கள்.

நம்பிக்கை: இளைய மகனுக்கு மேலே இன்னொன்றைத் தூக்கி வைத்துக்கொள்ளலாம்.

உண்மை: மாடியின் பாரத்தைக் கணக்கிட்டு அஸ்திவாரமும் தூணும் போட்டிருந்தால் மட்டுமே முடியும். தரைத்தளத்துக்கு மட்டும் செய்த சட்டகம் அதைத் தாங்காது. மாடி ஏற்றும் எண்ணம் இருந்தால் அதை ஒப்பந்தத்தில் எழுதி, பொறியாளர் கையொப்பமிட்ட வரைபடத்தோடு சேர்த்து வாங்கி வையுங்கள்.