பல்லும் டயரும்: பந்தயக் குவாட் பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

வண்டன்மேடு ஏலத்தோட்டப் பாதைகளில் ஜீப்தான் ராஜா. குவாட் பைக் என்றால் வாகமண், தேக்கடிப் பக்கம் சுற்றுலாப் பயணிகளைச் சுற்றிக்காட்டும் நாலு சக்கர வண்டி நினைவுக்கு வரும். பந்தயக் குவாட் வேறு சாதி. கிளட்ச், கியர், செயின் எல்லாம் பைக்கில் உள்ளதுபோலத்தான். பின் இரண்டு சக்கரங்கள் மட்டும் ஒரே அச்சில் இழுக்கும். இந்த வண்டியின் செயின் ஸ்ப்ராக்கெட்டுக்கு எத்தனை பல், எந்த டயர் என்று கேட்டால் ஒர்க்‌ஷாப்பில் ஆளுக்கொரு பதில் வரும்.

“பெரிய டயர் மாட்டினா வேகம் கூடும்.”

எஞ்சினுக்கு இழுக்க முடிந்தால் கூடும். அந்த நிபந்தனையை யாரும் சொல்வதில்லை.

யமஹா ஒய்எஃப்இசட்450ஆர் வண்டியை எடுத்துக்கொள்வோம். கம்பெனியிலிருந்து வரும்போது முன் ஸ்ப்ராக்கெட்டில் 14 பல், பின்னால் 38. பின் டயரில் 20x10-9 என்று எழுதியிருக்கும். மொத்த உயரம் 20 அங்குலம், அகலம் 10, ரிம் 9. பைக் டயர் எண்ணைப் படிக்கிற பழக்கத்தில் இதைப் படித்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

20 அங்குல டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 160 செ.மீ. உருளும். 38-ஐ 14-ஆல் வகுத்தால் 2.71. ஆக, முன் ஸ்ப்ராக்கெட் ஒரு தடவை சுற்றினால் வண்டி 59 செ.மீ. நகரும். பல்லையும் டயரையும் தனித்தனியாகப் பார்க்காமல் இந்த ஒற்றை எண்ணைப் பார்த்தால் பாதி வாக்குவாதம் ஓய்ந்துவிடும். 22 அங்குல டயர் போட்டால் அது 65 ஆகிறது. சமதளத்தில் சரி. ஈரச் செம்மண் ஏற்றத்தில் என்ன ஆகும்? அதிக ஆர்பிஎம்மில்தான் முழு பலம் காட்டும் 450 சிசி எஞ்சின் திணறும். ஓட்டுபவர் கிளட்ச்சைப் பாதி பிடித்தே ஏறுவார். கிளட்ச் பிளேட் கருகும். பெரிய டயர் மாட்டிய ஜீப், கம்பம்மெட்டு ஏற்றத்தில் ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு முக்குவதைப் பார்த்த டிரைவருக்கு இதை விளக்கவே வேண்டாம்.

இழுவை போச்சே என்று முன்னால் ஒரு பல் குறைத்து 13 போடுவார்கள். கணக்கு 60-க்கு வந்து நிற்கும். டயருக்கும் ஸ்ப்ராக்கெட்டுக்கும் காசு கொடுத்து, கிட்டத்தட்டப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பியிருக்கிறோம். மிச்சம், அச்சுக்கு அடியில் கூடிய ஒரு அங்குல இடைவெளி. கல்லும் வேரும் நிறைந்த பாதைக்கு அது நியாயமான லாபம். அதற்காகத்தான் மாற்றுகிறோம் என்று தெரிந்து மாற்றினால் சரி.

“முன்னால ஒரு பல், பின்னால ஒரு பல், ரெண்டும் ஒண்ணுதான்.”

இல்லை. முன்னால் ஒரு பல் குறைப்பது பின்னால் கிட்டத்தட்ட மூன்று பல் கூட்டுவதற்குச் சமம். 13-க்கு 38 என்பதும் 14-க்கு 41 என்பதும் ஏறக்குறைய ஒரே விகிதம். அப்படியானால் எதை மாற்றுவது? முன் ஸ்ப்ராக்கெட் மலிவு, மாற்றுவதும் சுலபம். ஆனால் அது சின்னதாக ஆக ஆகச் செயின் அதிகமாக மடங்கும், சீக்கிரம் தேயும். பின் ஸ்ப்ராக்கெட் பெரிதானால் வேறு சிக்கல். குவாட்டில் அது இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே, வண்டியின் அடியிலேயே தொங்குகிறது. 20 அங்குல டயரில் 38 பல் ஸ்ப்ராக்கெட்டுக்கும் தரைக்கும் 15 செ.மீ. அளவுதான் இடைவெளி. 18 அங்குல டயரும் 42 பல்லும் சேர்த்தால் அது 12-ஐ ஒட்டி வந்துவிடும். தோட்டப் பாதையில் ஒரு கல் போதும். இந்தப் பக்கத்துப் பாதைகளுக்கு 20 அங்குல டயரும் 13-க்கு 38-உம்தான் என் தேர்வு. முன் சொன்ன அந்த ஒற்றை எண் 55-க்கு இறங்கும். ஏற்றத்துக்கு அது உதவும்.

மோட்டோகிராஸ் பந்தயக்காரர்கள் பின்னால் 18 அங்குல டயரை விரும்புவது உண்மை. உயரம் குறைந்தால் வண்டி வளைவில் கவிழாமல் நிற்கும். ஆனால் அவர்கள் ஓட்டுவது கல் பொறுக்கிச் சீராக்கிய மண் களம். பாலைவனத்தில் ஓடும் டக்கார் ராலி இதற்கு நேர் எதிர்முனை. பாலக்காடு மாவட்டத்து ஷொர்ணூரைச் சேர்ந்த ஹரித் நோவா 2024-இல் அங்கே பைக்கில் ராலி 2 பிரிவை வென்று, ஒட்டுமொத்தத்தில் 11-ஆவதாக வந்தார். அந்தப் பாலைவனத்து நீண்ட ஓட்டத்துக்கு ஏற்ற கியரை ஏலமலையில் காப்பியடித்தால் இரண்டாம் கியரைத் தாண்ட மாட்டோம். (குவாட் பிரிவையே 2025 முதல் டக்காரில் நிறுத்திவிட்டார்கள்.)

“ஸ்ப்ராக்கெட் மாத்தினா பவர் கூடும்.”

எஞ்சின் தருவது அதே பவர்தான். இழுவை கூடினால் உச்ச வேகம் குறையும்.

“அகல டயர்தான் சேத்துல பிடிக்கும்.”

அடியில் கெட்டித் தரை இருக்கும் சேற்றில் ஒடுங்கிய டயர் கீழே வெட்டி இறங்கிப் பிடிக்கும். அகலமானது மேலேயே மிதந்து வழுக்கும். அடியில்லாத சகதியிலும் மணலிலும் மிதப்பதே நல்லது. அகலத்தைவிட முக்கியம், டயரின் ரப்பர் கட்டைகளுக்கு இடையில் அப்பிய மண்ணை டயர் உதறுகிறதா என்பது. நெருக்கமான கட்டை உள்ள டயர், செம்மண்ணில் சீக்கிரம் வழவழ உருளையாகிவிடும்.

அடுத்தது பலரும் கவனிக்காதது. பின் அச்சில் டிஃபரன்ஷியல் கிடையாது. இரண்டு சக்கரமும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். ஒரு பக்கம் புது டயர், மறுபக்கம் தேய்ந்தது என்றால் வண்டி நேராக ஓடாமல் ஒரு பக்கம் இழுக்கும். சாக்பீஸால் கோடு போட்டு, ஒரு சுற்று உருட்டி, இரண்டையும் டேப்பில் அளந்து பாருங்கள். காற்று வித்தியாசமும் இதே வேலையைச் செய்யும். பந்தயக் குவாட் டயருக்குக் காற்று 5 பிஎஸ்ஐ-யை ஒட்டித்தான் இருக்கும். கார், ஜீப்புக்கு அடிக்கும் பழக்கத்தில் 25, 30 அடித்துவிட்டால் வண்டி பந்துபோலத் துள்ளும். பஞ்சர் கடையில் இருக்கும் கேஜில் 5-க்கும் 7-க்கும் வித்தியாசம் சரியாகத் தெரியாது. 15 வரை மட்டும் காட்டும் சின்ன கேஜ் ஒன்றைத் தனியாக வாங்கி டூல்ஸ் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.