ஆக்குபேஷனல் தெரபி: பிள்ளையின் கையே செய்யட்டும்

சென்ற ஆண்டு ஒரு தாய் தம் ஆறு வயது மகனோடு நமது அலுவலகத்துக்கு வந்தார். மக்தபில் மற்ற பிள்ளைகள் சத்தமாக ஓதத் தொடங்கியதும் அவன் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவிடுகிறான். ஒளூ செய்ய முகத்தில் தண்ணீர் பட்டால் அலறுகிறான். சட்டைப் பொத்தான் போடத் தெரியாது, சோற்றை உம்மாதான் ஊட்ட வேண்டும். மருத்துவர் ஆட்டிசம் என்று சொல்லியிருந்தார். "சேட்டை, இரண்டு அடி போட்டால் சரியாகும்" என்றனர் உறவினர் சிலர். ஊதிப் பார்த்ததும் நடந்திருந்தது. அந்தத் தாய் நம்மிடம் பண உதவி கேட்கவில்லை. "எனக்குப் பிறகு இவனை யார் குளிப்பாட்டுவார்கள்?" என்றுதான் கேட்டார்.

அந்தக் கேள்வியை நேராக எடுத்துக்கொள்ளும் சிகிச்சைதான் ஆக்குபேஷனல் தெரபி. சுருக்கமாக ஓ.டி. என்பார்கள். 'தொழில்வழிச் சிகிச்சை' என்ற தமிழ்ப் பெயரைக் கேட்டு, பிள்ளைக்கு ஏதோ கைத்தொழில் சொல்லித் தருவார்கள் என்று எண்ணியவர்களும் நம்மில் உண்டு. பிள்ளையின் தொழில் வேறு. பல் துலக்குவது, உண்பது, உடுத்துவது, விளையாடுவது, எழுதுவது, கழிப்பறைக்குப் போய்வருவது என்று காலை முதல் இரவு வரை அவன் செய்ய வேண்டியதெல்லாம் அவன் தொழில்தான். பிசியோதெரபி உடலின் அசைவையும் வலுவையும் பார்க்கும், ஸ்பீச் தெரபி பேச்சைப் பார்க்கும். இந்த அன்றாடக் காரியங்களைப் பிள்ளை தானே செய்யப் பழக்குவது ஓ.டி. ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம், மூளை முடக்குவாதம், வளர்ச்சித் தாமதம் எதுவானாலும் இதற்கு இடமுண்டு.

முதலில், அடம் என்று நாம் நினைப்பது பலநேரம் அடமே இல்லை. நமக்கு மெல்லிய சத்தமாகப் படுவது சில பிள்ளைகளுக்குக் காதைக் கிழிக்கும். குக்கர் விசில், மிக்சி, ஒலிபெருக்கி, சட்டைக் காலரில் உறுத்தும் துணிப்பட்டை எல்லாமே வேதனைதான். வேறு சில பிள்ளைகளுக்கு உணர்ச்சி குறைவு. அவர்கள் ஓயாமல் குதிப்பார்கள், சுற்றுவார்கள், மோதுவார்கள். புலன்கள் தரும் செய்திகளை மூளை ஒழுங்குபடுத்துவதில் உள்ள இந்தச் சிக்கலை விளக்கி, அதற்கான பயிற்சி முறையை உருவாக்கியவர் ஜீன் அய்ரஸ் என்ற அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். இதுபற்றிய அவரது நூல் 1972ல் வந்தது. ஊஞ்சலும் பெரிய பந்தும் தெரபி அறைகளில் இருப்பது இதனால்தான்.

அந்தச் சிறுவனின் ஒளூவுக்குத் தெரபிஸ்ட் சொன்ன வழி நமக்கே பாடமாக இருந்தது. முகத்திலிருந்து தொடங்காதீர்கள், கடைசியிலிருந்து தொடங்குங்கள் என்றார். கைகள், வாய், மூக்கு, முகம், முழங்கை, தலை, வலக்கால் வரை உம்மா செய்துவிட வேண்டும். இடக்காலை மட்டும் அவன் கழுவ வேண்டும். காரியம் அவன் கையில் முடிவதால், "நான் முடித்தேன்" என்ற மகிழ்ச்சி அவனுக்குக் கிடைக்கிறது. அது பழகியதும் வலக்காலும் அவனுடையது. இப்படியே ஒவ்வொரு படியாகப் பின்னிருந்து முன்னே வர வேண்டும். முகத்துக்கு அதுவரை வெதுவெதுப்பான ஈரத்துணி. அதையும் அவனே பிடித்து அழுத்தித் துடைக்க வேண்டும். பிறர் தெளிக்கும் தண்ணீரைவிடத் தன் கையால் தொடும் ஈரம் அவனுக்குப் பயம் தருவதில்லை. பருவமெட்டாத பிள்ளைக்கு ஒளூ பழக்கம்தான், கடமையல்ல. ஆகவே அவசரப்பட வேண்டியதில்லை.

பொத்தானுக்கும் இதே வழிதான். துளைக்குள் பாதியை நாம் தள்ளிவிட்டு, மறுபுறம் இழுப்பதை அவனிடம் விட வேண்டும். கால்சட்டையை முழங்கால்வரை நாம் ஏற்றினால் மீதியை அவன் ஏற்றுவான்.

விரல் வலுவுக்கு விலை உயர்ந்த சாமான் தேவையில்லை. பட்டாணி உரிப்பது, சப்பாத்தி மாவு பிசைவது, கொடியில் துணிக்கு கிளிப் மாட்டுவது, பல்லாங்குழி ஆடுவது எல்லாம் நல்ல பயிற்சிகள். எழுதப் பழகும் பிள்ளைக்குப் புதிய நீளப் பென்சிலைவிட உடைந்த கிரேயான் துண்டு நல்லது. துண்டு சிறிதாக இருப்பதால் விரல்நுனியால் பிடித்தே ஆக வேண்டும். சுவரில் தாளை ஒட்டி வரையவிட்டால் மணிக்கட்டும் தோளும் சேர்ந்து வலுப்பெறும். ரிஹாலுக்கு முன் நேராக உட்கார முடியாத பிள்ளையைச் சுவரோரம் உட்காரவைக்கலாம். ஹஜரத்மார்களுக்கும் இதைச் சொல்கிறோம்.

தடை பெரும்பாலும் பாசத்திலிருந்தே வருகிறது. "பாவம் புள்ள, ஏன் படுத்துறீங்க?" என்று வாப்பும்மா ஊட்டிவிடுவார். பள்ளி வேன் வந்து நிற்கும்போது யாருக்குத்தான் பொறுமை இருக்கும்? அதனால் ஒரே ஒரு காரியத்தை மட்டும், நேரம் இருக்கும் வேளையில் எடுத்துக்கொள்ளுங்கள். வாப்பாமார்களும் மாலையில் ஒரு காரியத்தைத் தங்கள் பொறுப்பில் வைத்துக்கொள்ளலாம். எல்லாவற்றையும் உம்மாவின் தலையில் ஏற்றுவது நம் வீடுகளில் நெடுநாள் வழக்கமாகிவிட்டது.

இன்னொரு தடை மறைப்பது. அக்காவுக்கு மாப்பிள்ளை பார்க்கும் வேளையில் தம்பியின் விஷயம் வெளியே தெரியக்கூடாது என்று இரண்டு, மூன்று வருடங்களைக் கழித்துவிடுகிறார்கள். சிறு வயதில் மூளை எளிதாகப் பழகும், அந்த வருடங்கள் திரும்ப வரா. ஒன்பது மாதத்தில் பிடிமானமின்றி உட்காராதது, ஒரு வயதில் பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாதது, ஒன்றரை வயதில் நடக்காதது, இரண்டு வயதில் இரண்டு சொல் சேர்த்துப் பேசாதது ஆகியவற்றைக் கண்டால், "அவன் மாமாவும் லேட்டாத்தான் பேசினான்" என்று இருந்துவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். துஆவும் செய்வோம், வைத்தியமும் பார்ப்போம்.

எங்கே போவது? 'டெய்க்' எனப்படும் ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையங்களை அரசு மாவட்ட அளவிலான மருத்துவமனைகளில் நடத்துகிறது. பிறப்பு முதல் 18 வயது வரை அங்கே பரிசோதனையும் பயிற்சியும் இலவசம். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பல்வகை ஊனமுற்றோருக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் இருக்கிறது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகை ஊனம் உள்ளோருக்கான 'நிராமயா' காப்பீட்டில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை உண்டு. தெரபிச் செலவுக்கும் அதில் ஒரு பகுதி கிடைக்கும். இதற்கு மாற்றுத்திறனாளிச் சான்று முதலில் வேண்டும்.

தனியார் மையத்துக்குப் போனால் கொஞ்சம் விழிப்பாக இருங்கள். "ஆறு மாதத்தில் ஆட்டிசத்தைக் குணமாக்கிவிடுவோம்" என்பவர்களிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள். ஓ.டி. ஆட்டிசத்தை நீக்காது, பிள்ளையால் செய்ய முடிவதைப் பெருக்கும். நாம் அறிந்த ஒரு குடும்பம் மாதக்கணக்கில் கட்டணம் கட்டி, கதவுக்கு வெளியிலேயே உட்கார்ந்திருந்தது. உள்ளே என்ன நடக்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. இந்த மூன்று மாதத்தில் எந்தக் காரியத்தைப் பழக்குகிறீர்கள், வீட்டில் நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் வேறு இடம் பாருங்கள்.

அந்தச் சிறுவன் இப்போது இரண்டு கால்களையும் தானே கழுவுகிறான். முகத்துக்கு இன்னும் ஈரத்துணிதான். பொத்தானில் மூன்று போடுகிறான், மேல் பொத்தானை வாப்பா போட்டுவிடுகிறார். மற்ற பிள்ளைகள் ஓதிவிட்டுப் போனபின் ஹஜரத் பத்து நிமிடம் அவனைத் தனியாக ஓதவைக்கிறார்.

மையத்துக்குப் போய்வரும் பஸ் கட்டணம் சுமையாக இருக்கும் குடும்பங்கள் நமது அலுவலகத்தில் சொல்லலாம். சான்றுக்கான விண்ணப்பத்தையும் உடனிருந்து நிரப்பித் தருகிறோம். பெயர் வெளியே போகாது.