ஆடி பிறக்குமுன் இரண்டு பாத்தி

மதுராந்தகம்
ஆனி 20

அன்புள்ள மகனுக்கு,

பெரியம்மா எழுதுவது. நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். விதைப் பொட்டலம் மட்டும் 14 இருந்தது. கேரட், பீட்ரூட், ப்ராக்கோலி. பக்கத்தில் பூவாளி, கையுறை, மூன்று விதமாய்க் கொத்து, பாட்டிலில் ஏதோ பச்சைத் திரவம். வீட்டில் நான்கு பேரில் ஒருவர்கூட இதுவரை ஒரு செடி வைத்ததில்லை என்று மருமகளே சொல்லிச் சிரித்தாள். கோபித்துக்கொள்ளாதே, கூடுவாஞ்சேரி வெயிலில் ஆடி மாதம் ப்ராக்கோலி வராது. கடைக்காரர் திரும்ப வாங்கிக்கொள்வாரா என்று கேட்டுப் பார்.

போனில் சொன்னால் "சரி பெரியம்மா" என்பாய், வைத்த கையோடு மறந்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

வீட்டுக்குப் பின்னால், வடக்குப் பக்கம், 20 அடிக்கு 15 அடி இடம் இருக்கிறது, நல்ல வெயிலும் அடிக்கிறது என்றாய். இப்போது அடிக்கத்தான் செய்யும். ஆனி, ஆடியில் நம் பக்கத்தில் உச்சி வேளைச் சூரியன் தலைக்குக் கொஞ்சம் வடக்கே நிற்கும். தட்சிணாயனம் பிறந்து அது தெற்கே சாயச் சாய, உன் வீட்டு நிழல் வடக்கே நீண்டுகொண்டே போகும். மார்கழியில் 20 அடி உயர வீட்டின் நிழல் நட்ட நடுப்பகலில் 15 அடிக்கு விழும். உன் தோட்டத்தின் அகலமே அவ்வளவுதானே! காய்ச்செடிக்கு ஒரு நாளைக்கு ஆறு மணி நேர வெயிலாவது வேண்டும். ஆடியில் வெயிலைப் பார்த்து இடம் பிடித்துவிட்டு, தையில் ஏன் காய்க்கவில்லை என்று உரக்கடைக்கு ஓடுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே பாத்தியை முன்வாசல் பக்கம் போடு. தெற்குப் பார்த்த வீடு, அங்கே வருஷம் முழுக்க வெயில் உண்டு. குரோட்டன்ஸ் தொட்டிகளைப் பின்னால் கொண்டுபோ. வாசலில் யாராவது வெண்டைச் செடி வைப்பார்களா என்று நாலு பேர் கேட்பார்கள், கேட்கட்டும். பின்பக்கம் மட்குக் குழிக்கும், பாத்திரம் கழுவிய தண்ணீர் பாய்கிற மூலையில் ஒரு வாழைக்கும் சரியாக இருக்கும்.

மூன்றடி அகலம், எட்டடி நீளம். அப்படி இரண்டு பாத்தி. இந்த வருஷத்துக்கு அதற்கு மேல் ஒரு சாண்கூட வேண்டாம். ஒரு அடி ஆழம் கொத்து. வீடு கட்டியபோது கொட்டி மூடிய ஜல்லி, சிமெண்ட் கட்டி, உடைந்த டைல்ஸ் எல்லாம் வரும், பொறுக்கி எறி. பிறகு செம்மண்ணும் மக்கிய தொழு உரமும் கலந்து, தரையைவிட அரையடி உயர்த்திக் கட்டு. ஐப்பசி, கார்த்திகையில் உங்கள் பக்கம் மழை நாள்கணக்கில் நின்று பெய்யும். பாத்தி பள்ளமாக இருந்தால் வேர் அழுகிப் போகும்.

தொழு உரம் வாங்கும்போது கையில் அள்ளி முகர்ந்து பார். மழை பெய்த மண் வாசம் வர வேண்டும். சாண வாடை அடித்தாலோ, குவியலுக்குள் கையை விட்டால் சூடு தெரிந்தாலோ அது இன்னும் மக்கவில்லை. எனக்கு இது தெரிய ஒரு பாத்தி கத்தரி பலியாயிற்று. கல்யாணமாகி வந்த புதிது. மாமியாரிடம் பேர் வாங்க வேண்டும் என்று தொழுவத்திலிருந்து பச்சைச் சாணமாக அள்ளி நாற்றைச் சுற்றி அணைத்துவிட்டேன். நாலாம் நாள் அத்தனையும் தலை சாய்ந்துவிட்டது. மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த முறை நாற்று வாங்க என்னையே சந்தைக்கு அனுப்பினார்.

விதைக்கு வருவோம். கீரை, வெண்டை, கொத்தவரை, நாலே நாலு கத்தரி நாற்று, ஒரு ஓரத்தில் அவரை. இவ்வளவுதான். தக்காளிக்கு அடுத்த வருஷம் பார்க்கலாம், புதிதாய்க் கைவைப்பவர்களை அது அழவைக்கும். வெண்டையை முதல் நாள் இரவு ஊறப்போட்டு, நேரடியாக மண்ணில் ஊன்று. செடிக்குச் செடி ஒரு முழம் விடு, நெருக்காதே. 45 நாளில் காய்க்கு வந்துவிடும். வந்த பிறகு ஒன்றுவிட்டு ஒரு நாள் பறித்தே ஆக வேண்டும். சந்தையில் நுனியை ஒடித்துப் பார்த்து நாம் திட்டு வாங்குவோமே, அந்த வேலையை உன் வாசலில் தாராளமாகச் செய். டக்கென்று ஒடியாவிட்டால் முற்றிவிட்டது, விதைக்கு விட்டுவிடு.

அவரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நாட்டுப் பந்தல் அவரை ஆடியில் ஊன்றினால் ஆவணி, புரட்டாசியில் கொடி கூரை ஏறும். ஐப்பசியில் இலையாக மண்டும். பூ மட்டும் வராது. உன் பெரியப்பா ஒரு வருஷம் கார்த்திகை வரை பொறுத்துப் பார்த்தார். ஒரு நாள் காலை, "மலட்டுக் கொடி" என்று வேரோடு இழுத்துப் போட்டுவிட்டார். அதே விதையை வாங்கி ஊன்றிய பக்கத்து வீட்டில் மார்கழி பிறந்ததும் வெள்ளையும் ஊதாவுமாகக் கொத்துக் கொத்தாய்ப் பூத்தது. தை முழுக்க அவர்கள் கொடுத்தனுப்பிய அவரைக்காயைத்தான் தின்றோம். பகல் குறுகி இரவு நீண்டால்தான் அந்தக் கொடிக்குப் பூக்கிற புத்தி வரும். உரம் போட்டெல்லாம் அதை அவசரப்படுத்த முடியாது. உனக்கும் உன் பெரியப்பா கை. அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

தினமும் காலையில் ஆபீஸ் கிளம்புமுன் பத்து நிமிஷம் பாத்தியோரம் குந்து. போனை உள்ளே வைத்துவிட்டு வா. இலையைத் திருப்பி அடிப்பக்கம் பார். தண்டில் எறும்பு வரிசை ஏறினால் மேலே அசுவினியோ மாவுப்பூச்சியோ உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலத்தில் தெளி. கத்தரியில் ஒரு நுனி மட்டும் வாடித் தொங்கினால் உள்ளே புழு. அந்த நுனியைக் கிள்ளி நசுக்கு, செடி அடியில் போட்டுவிடாதே. வெண்டை இலையில் நரம்பு மட்டும் மஞ்சளாகத் தெரிந்தால் மருந்து தேடாதே, மருந்து கிடையாது. செடியைப் பிடுங்கிவிடு, இல்லாவிட்டால் வெள்ளை ஈ மற்றச் செடிக்கும் கொண்டுபோகும். இதையெல்லாம் வாரம் ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் காரியம் மிஞ்சிப் போயிருக்கும். அந்தப் பச்சைத் திரவத்தை அலமாரியிலேயே வை.

தண்ணீருக்கும் இதே கதைதான். விரலை மண்ணில் இரண்டு அங்குலம் விட்டுப் பார். ஈரம் ஒட்டினால் அன்றைக்கு ஊற்றாதே. புதிதாய்த் தோட்டம் போடுகிறவர்கள் செடியைக் காயவிட்டுக் கொல்வதில்லை, பாசத்தில் முக்கித்தான் கொல்கிறார்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு பாத்தியில் மூன்றடியைக் கயிறு கட்டிக் கொடுத்துவிடு. அதில் நீ கைவைக்காதே. கீரை விதை கடுகிலும் பொடிசு, மணலோடு கலந்து தூவச் சொல். சுற்றிலும் கொஞ்சம் அரிசி நொய்யைத் தூவினால் எறும்பு நொய்யை இழுத்துக்கொண்டு விதையை விட்டுவிடும். பொடிசுகளுக்கு இந்த ஏமாற்று வேலை ரொம்பப் பிடிக்கும். சிறுகீரை 25 நாளுக்குள் பறிப்புக்கு வரும். அதற்கு மேல் காத்திருக்கச் சொன்னால் எந்தப் பிள்ளையும் தோட்டத்தை மறந்துவிடும்.

எவ்வளவு மிச்சமாகும் என்று இந்த வருஷம் கணக்கு எழுதாதே. எழுதினால் மருமகள் படித்துவிடுவாள்.

உன் மாமா சனிக்கிழமை அந்தப் பக்கம் வருகிறார். அவரிடம் கத்தரி நாற்றும் ஒரு பொட்டலம் அவரை விதையும் கொடுத்தனுப்புகிறேன். மொத்தம் 11 விதை. ஆறு ஊன்று, நல்லதாய் இரண்டு கொடியை மட்டும் நிறுத்து. மீதி ஐந்தைச் சாம்பலில் புரட்டி டப்பாவில் போட்டு வை. மார்கழிக்கு முன் கொடியைப் பிடுங்கினாய் என்று தெரிந்தால், அந்த ஐந்தையும் திருப்பி வாங்கிக்கொள்வேன்.

ஆசிகளுடன்,
பெரியம்மா