நிலைமை சரியில்லாத நாட்டுக்கு டிக்கெட் போடலாமா?

2025 செப்டம்பர் 9 அன்று காத்மாண்டு விமான நிலையத்தை மூடினார்கள். தீபாவளி முடிந்ததும் அம்மா அப்பாவை முக்திநாத்துக்கு அழைத்துப்போவதாக வீட்டில் அதற்கு முன்பே பேசி முடித்திருந்தோம். டிக்கெட் போடுவதுதான் பாக்கி. பெரியாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் திருச்சாளக்கிராமம் என்று பாடிய திவ்ய தேசம் அது. அம்மாவுக்குப் பல வருஷத்து ஆசை. டி.வி.யைப் போட்டால் நாடாளுமன்றமும் தலைமைச் செயலகமான சிங்க தர்பாரும் எரிந்துகொண்டிருக்கின்றன. சமூக ஊடகத் தடையை எதிர்த்துக் கிளம்பிய இளைஞர்கள் போராட்டத்தில் முதல் நாளே 19 பேர் இறந்துபோனார்கள், மறுநாள் பிரதமர் ஒலி ராஜினாமா. சித்தப்பா போன் போட்டார்: “வயசானவங்கள கூட்டிக்கிட்டு இந்த நேரத்துல நேபாளமா? புத்தி கித்தி கெட்டுப்போச்சா உனக்கு?”

நவம்பரில் போனோம், நல்லபடியாகத் திரும்பியும் வந்தோம். அதை வைத்து என் முடிவு சரி என்று வாதாட மாட்டேன். ஹெல்மெட் போடாமல் போனவன்கூட வீடு வந்து சேர்ந்துவிடுகிறான். ஒரு நாடு அடுத்த மாதம் அமைதியாக இருக்குமா என்பது அங்கே இருக்கும் அமைச்சருக்கே தெரியாது, நமக்கு எப்படித் தெரியும்? எந்தப் பணத்தை எந்தத் தேதிவரை திரும்பப் பெறலாம், எந்த வழியாக வெளியே வரலாம் என்பதை மட்டும் கிளம்புவதற்கு முன்பே நாம் கணக்குப் போட்டுவிட முடியும். அந்தக் கணக்கை நான் எப்படிப் போட்டேன் என்பதுதான் இங்கே சொல்லப்போவது.

வரைபடத்தை விரித்துவையுங்கள்

செய்தியில் நாட்டின் பெயர்தான் வரும். நாம் போவது அந்த நாட்டின் ஒரு மூலைக்கு. 2025 ஜூலை 24 அன்று தாய்லாந்து - கம்போடியா சண்டை வெடித்தபோது, பாங்காக்கில் உள்ள நம் தூதரகம் எல்லையோரத்து ஏழு மாகாணங்களைத்தான் தவிர்க்கச் சொன்னது. புக்கெட் அங்கிருந்து பல நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அதே நேரம், கடற்கரைக்காக கோ சாங் தீவுக்குப் போக நினைத்தவருக்குச் சிக்கல். அந்தத் தீவு இருக்கும் திராட் மாகாணம் ஏழில் ஒன்று. பாங்காக்கிலிருந்து சாலை வழியாக அங்கோர்வாட் போகத் திட்டமிட்டவருக்கும் கதவு அடைபட்டுவிட்டது.

போகும் ஊர் அமைதியாக இருந்தால் மட்டும் போதாது, வழியையும் பார்க்க வேண்டும். 2025 ஜூன் 23 அன்று கத்தார் தன் வான்வெளியை மூடியபோது, தோஹாவில் விமானம் மாறி ஐரோப்பா போக வேண்டியவர்களும் நடுவழியில் மாட்டிக்கொண்டார்கள். லண்டனில் எந்தப் பிரச்சினையும் இல்லை. இடையில் இருந்த ஊரில்தான் பிரச்சினை. மேற்கு ஆசியாவில் பதற்றம் இருக்கும் மாதங்களில் எங்கே விமானம் மாறுகிறோம் என்பதை டிக்கெட் விலைக்கு இணையாக நான் பார்ப்பது இதனால்தான்.

வரைபடத்தை மட்டும் நம்பவும் கூடாது. செப்டம்பர் கலவரத்தில் காத்மாண்டுவின் ஹில்டன் ஹோட்டல் எரிந்தது. சுற்றுலா ஊரான போக்கராவிலும் தீ வைத்தார்கள். எனவே அடுத்த வேலை, அங்கே இருப்பவரிடம் விசாரிப்பது.

‘சேஃபா?’ என்று கேட்காதீர்கள்

இந்தக் கேள்விக்கு வரும் பதிலால் ஒரு பயனும் இல்லை. சென்னையில் ஒரு யாத்திரை ஏற்பாட்டாளரிடம் கேட்டேன். “எல்லாம் நார்மல் சார், ஒண்ணும் ஆகாது. ஃபுல் பேமென்ட் பண்ணிடுங்க, சீட் போயிடும்” என்றார். “ஊரடங்கு வந்து நீங்களே டூரை ரத்து பண்ணினா?” என்றேன். “அதெல்லாம் வராது சார்.” எழுத்தில் கேட்டதும் பேச்சு நின்றுபோனது.

பதில் பொய்யாக வர வாய்ப்பில்லாத சின்னக் கேள்விகளாகக் கேட்க வேண்டும். இதை நான் கற்றுக்கொண்டது இலங்கை விஷயத்தில். 2022 கோடை விடுமுறைக்கு திருகோணமலை, கண்டி, கதிர்காமம் என்று யோசித்திருந்தோம். திருகோணமலையில் உள்ள நண்பரிடம் கேட்டபோது அவர் சொன்னார்: “இஞ்ச சண்டை சச்சரவு ஒண்டும் இல்லை. ஆனா வானுக்கு டீசல் இல்லை. வந்து என்ன செய்யப் போறியள்?” அந்த ஒரு வாக்கியத்தோடு பயணத்தைத் தள்ளிவைத்தோம். ஜூலை 9 அன்று மக்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் நுழைந்த காட்சியை உலகமே பார்த்தது. ஆனால் பயணிக்கு அந்த நாட்டை மூடியது எரிபொருள் தட்டுப்பாடு. அது முன்பே மூடிவிட்டது. சுற்றுலாப் பயணிகளுக்கெனத் தனி எரிபொருள் பாஸ் வந்த பிறகுதான் சுற்றிப்பார்ப்பது நடைமுறையில் சாத்தியமானது.

நேபாளத்திலும் அதையே செய்தேன். காத்மாண்டுவில் ஊரடங்கு தளர்ந்த பிறகு போக்கராவில் ஜீப் ஓட்டும் ஒருவரை எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் கூப்பிட்டேன். பெட்ரோல் பங்கில் வரிசை நிற்கிறதா? முக்திநாத் போகும் வழியில் இருக்கும் பேனிக்கு இன்று காலை பஸ் கிளம்பியதா? கடைகள் எத்தனை மணிக்குச் சாத்துகிறார்கள்? ஏ.டி.எம்.மில் பணம் வருகிறதா? பங்கில் வரிசை இல்லை, பஸ் போய்விட்டது, கடைகள் வழக்கம்போல என்று வரிசையாகச் சொல்லிவிட்டு அவராகவே ஒன்று சேர்த்தார்: “நீங்கள் அரசியலையே கேட்கிறீர்கள். பேனிக்கு மேலே மழையில் ரோடு போயிருக்கிறது, அதைக் கேளுங்கள்.” அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அக்டோபர் தொடக்கத்தில் கிழக்கு நேபாளத்தின் இலாம் மாவட்டத்தில் மண்சரிவில் பலர் உயிரிழந்தார்கள். கலவர பயம் மற்ற ஆபத்துகளை நம் கண்ணிலிருந்து மறைத்துவிடும். மழை முழுதாக ஓயட்டும் என்று பயணத்தை நவம்பருக்குத் தள்ளியது அந்த போன் பேச்சுக்குப் பிறகுதான்.

அடுத்த தேதி எது?

கொந்தளிப்புக்கும் காலண்டர் உண்டு. தேர்தல், தீர்ப்பு, போராட்டத்தின் ஆண்டு நிறைவு ஆகிய நாட்கள் முன்கூட்டியே தெரிந்தவை. செப்டம்பர் 12 அன்று சுசீலா கார்கி இடைக்காலப் பிரதமராகப் பதவியேற்றதும் 2026 மார்ச் 5 அன்று தேர்தல் என்று அறிவித்தார்கள். அந்த அறிவிப்பு எனக்கு ஒரு இடைவெளியைக் காட்டியது. தேர்தல் சூடு பிடிப்பதற்கு முன்பு போய்வந்துவிடலாம், இல்லையென்றால் முடிவு வந்து அடங்கும்வரை காத்திருக்கலாம். இரண்டுக்கும் நடுவில் மட்டும் போகக்கூடாது.

நம் நாட்டுக் காலண்டரையும் சேர்த்துப் பாருங்கள். 2025 நவம்பர் 6, 11 தேதிகளில் பீகாரில் வாக்குப்பதிவு. அதையொட்டி பீகார் பக்கத்து நேபாள எல்லையை மூடினார்கள். அந்த எல்லையில் இருக்கும் ரக்ஸௌல் வழியாகத் திரும்பலாம் என்று நினைத்திருந்தவர்களுக்கு அந்த நாட்களில் வழி இல்லை.

முடிவு நாள்

இனி பணக் கணக்கு. ‘போகலாமா, வேண்டாமா’ என்று இன்றே தீர்மானிக்கத் தேவையில்லை. எந்த நாள்வரை தீர்மானிக்காமல் இருக்கலாம், அதற்கு என்ன விலை என்று பாருங்கள். ஒரு தாளில் ஒவ்வொரு செலவையும் எழுதி, பக்கத்தில் பணம் முழுதாகத் திரும்பும் கடைசித் தேதியை எழுதினேன். ஹோட்டல்களில் முன்பணம் கேட்காத, கடைசி சில நாள்வரை இலவசமாக ரத்து செய்யும் அறையாகப் பார்த்து எடுத்தேன். விலை சற்றே கூடுதல், பரவாயில்லை. ஜீப்புக்கு அட்வான்ஸ் கிடையாது. கடைசியில் மாட்டிக்கொள்ளும் பணம் விமான டிக்கெட் மட்டும்தான் என்று தெளிவானது. தேதி மாற்றக் கட்டணம் குறைவான டிக்கெட்டைத் தேர்ந்தெடுத்து, புலம்பாமல் இழக்கக்கூடிய தொகை இவ்வளவு என்று வீட்டில் முன்பே பேசிவைத்தோம். அந்தத் தொகையை ஒப்புக்கொள்ள முடியவில்லை என்றால் டிக்கெட் போடாதீர்கள், அவ்வளவுதான்.

சென்னையிலிருந்து காத்மாண்டு, அங்கிருந்து போக்கரா என்று இரண்டு நிறுவனங்களில் தனித்தனியாக டிக்கெட் எடுத்தால், முதல் விமானம் ரத்தானாலும் இரண்டாவது நிறுவனத்துக்குப் பொறுப்பில்லை. உள்நாட்டு டிக்கெட்டைக் கடைசியில் எடுங்கள், அல்லது அங்கே போய் எடுங்கள்.

முந்திக்கொண்டு ரத்து செய்யாதீர்கள்

கெட்ட செய்தி வந்ததும் கை தானாகவே ‘கேன்சல்’ பட்டனுக்குப் போகும். அவசரப்பட வேண்டாம். நாமாக ரத்து செய்தால் பிடித்தம் போக மீதிதான் வரும். விமான நிறுவனமே ரத்து செய்தால் மாற்று விமானம் அல்லது முழுப் பணம் என்பது நம் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ.வின் விதி. அரசியல் கொந்தளிப்பு காரணமென்றால் அதற்கு மேல் நஷ்டஈடு கிடையாது. ஏஜென்ட் மூலம் எடுத்த டிக்கெட்டானாலும் பணத்தைத் திருப்பித் தரும் பொறுப்பு விமான நிறுவனத்துடையதே. செப்டம்பரில் ஏர் இந்தியாவும் இண்டிகோவும் காத்மாண்டு டிக்கெட்டுகளுக்கு மாற்றக் கட்டணம் இல்லாமல் தேதி மாற்றிக்கொள்ள வழிவிட்டன. ஒரு நாள் பொறுத்தவர்களுக்குப் பணம் மிஞ்சியது.

இன்ஷூரன்ஸ்: விதிவிலக்குப் பக்கத்தை முதலில்

விளம்பரத்தாளை ஓரமாக வைத்துவிட்டு, எதற்கெல்லாம் பணம் தரமாட்டோம் என்று பட்டியலிட்ட பக்கத்தைப் படியுங்கள். போர், உள்நாட்டுப் போர், கிளர்ச்சி ஆகியவை பெரும்பாலான பாலிசிகளில் வெளியே நிற்கும். வேலைநிறுத்தம், கலவரம் ஆகியவற்றைச் சில பாலிசிகள் ஏற்கின்றன. ‘பயமாக இருந்தது, போகவில்லை’ என்பதற்குப் பொதுவாக யாரும் தருவதில்லை. பிரச்சினை ஊரறிந்த பிறகு வாங்கிய பாலிசி அந்தப் பிரச்சினைக்கு உதவாது. மத்திய வெளியுறவு அமைச்சகம் ‘பயணத்தைத் தள்ளிவையுங்கள்’ என்று அறிவுறுத்தியிருக்கும்போது நான் கிளம்பமாட்டேன். உயிர் பயம் ஒரு காரணம், கிளெய்ம் நிற்காது என்பது இன்னொன்று. முக்திநாத் சுமார் 3,700 மீட்டர் உயரம். உயர வரம்பு வைத்திருக்கும் பாலிசிகளும் உண்டு. அதையும் கேட்டு வாங்கினேன்.

வெளியேறும் வழி

உள்ளே போகும் வழி ஒன்று இருந்தால் வெளியே வர இரண்டாவது இருக்க வேண்டும். விமான நிலையம் மூடியிருந்த செப்டம்பரில் பல இந்தியர்கள் எல்லைச் சாவடிகள் வழியாகச் சாலையில் திரும்பினார்கள். எங்கள் இரண்டாவது வழி: போக்கராவிலிருந்து பைரஹவா, சுனௌலி தாண்டி கோரக்பூர், அங்கிருந்து சென்னை வழியாகப் போகும் ரப்திசாகர் எக்ஸ்பிரஸ். சுனௌலி உத்தரப் பிரதேசத்தில் இருப்பதால் பீகார் தேர்தல் அதைத் தொடாது. தீவு நாட்டுக்கு இப்படி ஒரு வழி கிடையாது. அதனால் இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் என் அளவுகோல் இன்னும் கடுமையானது.

அப்பாவுக்கு பி.பி. மாத்திரை பயண நாட்களுக்கு மேல் இரண்டு வாரத்துக்குக் கூடுதலாக எடுத்துக்கொண்டோம். நேபாளத்துக்கு வாக்காளர் அட்டையே போதும் என்றாலும் எல்லோரும் பாஸ்போர்ட் வைத்திருந்தோம். சுற்றுவழியாகத் திரும்ப நேர்ந்தால் அதுதான் கைகொடுக்கும். தூதரக உதவி எண்ணை போனில் மட்டும் சேமிக்காமல் ஆளுக்கொரு துண்டுத்தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்தோம். இணையத்தை முடக்கினாலும் போன் சார்ஜ் தீர்ந்தாலும் தாள் பேசும்.

திரும்பிவிடும் நிபந்தனை

அங்கே போன பிறகு விவாதிக்க நேரம் இருக்காது. ‘இவ்வளவு செலவு பண்ணி வந்தாச்சே, இன்னும் ஒரு நாள்தானே’ என்ற பேச்சு தானாக வரும். வயதானவர்களோடு போகும்போது கோவிலை விட்டுவிட்டுத் திரும்புவோம் என்று அவர்களிடம் சொல்வது எளிதல்ல. வீட்டிலேயே உட்கார்ந்து மூன்று நிபந்தனைகளை ஒப்புக்கொண்டோம். தூதரகம் ‘வெளியே வராதீர்கள்’ என்று சொன்னால், போகும் வழியில் எந்த ஊரிலாவது ஊரடங்கு போட்டால், ஜீப் ஓட்டுநர் வண்டி எடுக்கத் தயங்கினால், எந்த இடத்தில் இருந்தாலும் அங்கேயே தங்குவது அல்லது திரும்புவது. மூன்றில் ஒன்று போதும், மறுபேச்சு கிடையாது. அம்மா கேட்டுவிட்டு, “சரி, ஓட்டுநர் சொன்னா நானும் கேக்கறேன். நீ சொன்னா மட்டும் கேக்கமாட்டேன்” என்றாள்.

இந்த மூன்றாவது நிபந்தனைதான் நான் எல்லோருக்கும் சொல்வது. நிலைமையைப் படிக்க நம்மைவிடத் தகுதியான ஒருவர் ஸ்டீயரிங் பிடித்திருக்கிறார். ஒரு நாள் வாடகை போனாலும் பரவாயில்லை என்று அவர் தயங்குகிறார் என்றால், அதைவிட நம்பகமான எச்சரிக்கை வேறு வராது. அந்த ஒரு நாள் வாடகையை, வண்டி ஓடாவிட்டாலும் தருவதாக அவரிடம் முன்பே சொல்லிவைத்துவிடுங்கள். அப்போதுதான் அவர் பயமில்லாமல் ‘வேண்டாம்’ என்பார்.