வெளியிடப் பணியும் மென்பொருள் உரிம நிர்வாகமும்

அலுவலகச் சொத்துப் பதிவேட்டில் மேசை, நாற்காலி, கணிப்பொறி ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனி எண் உண்டு. ஆண்டுதோறும் அவை எண்ணிச் சரிபார்க்கப்படுகின்றன. பல வேளைகளில் இவற்றைவிட விலை மிகுந்த மென்பொருள் உரிமங்களோ கண்ணுக்குப் புலப்படாதவை. ஆகவே அவற்றின் கணக்கு எளிதில் விட்டுப்போகிறது. ஊழியர் அனைவரும் ஒரே கட்டிடத்தில் பணியாற்றியவரை இக்குறை பெரிதாகத் தெரியவில்லை. 2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்து, அலுவலகப் பணி வீடுகளுக்கு மாறியபோது அது வெளிப்பட்டது. ஊரடங்கு நீங்கிய பின்னரும் வீட்டிலிருந்தும் பணித்தலங்களிலிருந்தும் பணியாற்றும் வழக்கம் பல நிறுவனங்களில் நிலைத்துவிட்டது. எனவே, இப்பொருள் குறித்து நிர்வாகிகள் அறிந்திருத்தல் இன்றியமையாதது.

பொது உரிமம் இயங்கும் முறை

மென்பொருள் உரிமங்கள் பல வகைப்படும். ஒரு கணிப்பொறிக்கோ ஒருவருக்கோ உரியது தனி உரிமம். பலர் மாறி மாறிப் பயன்படுத்துவதற்குரியது வலையமைப்பு உரிமம். பொறியியல் வரைபடம், கட்டுமான ஆய்வு போன்றவற்றுக்கான மென்பொருள்கள் இரண்டாம் வகையில் மிகுதியாக வாங்கப்படுகின்றன. இம்முறையில் உரிமங்கள் யாவும் அலுவலகத்திலுள்ள ஒரு சர்வரில் இருக்கும். ஊழியர் மென்பொருளைத் திறக்கும்போது சர்வர் ஓர் உரிமத்தை வழங்கும். மூடும்போது அது பொதுத் தொகுப்புக்குத் திரும்பும். தொகுப்பு தீர்ந்திருப்பின் அடுத்து வருபவருக்கு அனுமதி மறுக்கப்படும்.

இது தொலைபேசி நிலையத்தின் சிக்கலை ஒத்தது. ஓர் ஊரின் சந்தாதாரர்கள் எல்லோருக்கும் தனித்தனி வெளியூர்த் தடங்கள் அமைப்பதில்லை. ஒரே நேரத்தில் பேசுவோரின் எண்ணிக்கையே கணக்கில் கொள்ளப்படுகிறது. இதற்கான சூத்திரத்தை டென்மார்க்கைச் சேர்ந்த ஏ.கே. எர்லாங் 1917இல் வெளியிட்டார். உரிமங்களின் தேவையைத் தோராயமாக மதிப்பிடவும் அது பயன்படும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஓர் அலுவலகத்தில் 40 பொறியாளர்கள் உள்ளனர். 8 மணி நேர வேலைநாளில் ஒவ்வொருவரும் சராசரியாக ஒரு மணி நேரம் ஒரு மென்பொருளைப் பயன்படுத்துகின்றனர் எனக் கொள்வோம். எந்த நேரத்திலும் சராசரியாக 5 உரிமங்கள் பயன்பாட்டில் இருக்கும். 10 உரிமங்கள் இருப்பின், எர்லாங் சூத்திரப்படி, அனுமதி மறுக்கப்படும் வாய்ப்பு ஏறத்தாழ 2 சதவீதமே. நாற்பதின்மருக்குப் பத்து உரிமங்கள் போதுமானவை என்பது இதன் பொருள். பொதுத் தொகுப்பின் சிக்கனம் இதுவே.

இரவலின் விலை

வெளியே பணியாற்றுவோருக்கு உரிமம் அளிக்க மூன்று வழிகள் உள்ளன. வி.பி.என். என்னும் பாதுகாப்பான வழியே அலுவலகச் சர்வரை அணுகுவது முதலாவது. அலுவலகத்திலுள்ள கணிப்பொறியையே தொலைவிலிருந்து இயக்குவது இரண்டாவது. இவ்விரண்டிலும் வேலை முடிந்ததும் உரிமம் தொகுப்புக்குத் திரும்பிவிடும். ஆனால் இணைப்பு இடையறாது கிடைத்தல் வேண்டும்.

அணை கட்டும் மலைப்பகுதியிலோ சுரங்கத்திலோ அத்தகைய இணைப்பை எதிர்பார்க்க இயலாது. அங்குச் செல்வோருக்கு மூன்றாவது வழியே உதவும். குறித்த சில நாட்களுக்கு உரிமத்தை மடிக்கணினியில் இரவலாகப் பெற்றுச் செல்வதே அது. கெடு முடியும்வரை அவ்வுரிமம், பயன்பட்டாலும் படாவிட்டாலும், பிறருக்குக் கிடைக்காது. மடிக்கணினி தொலைந்துபோனாலும் கெடு முடியும்வரை காத்திருக்க நேரும்.

மேற்கண்ட அலுவலகத்தில் மூவர் ஒரு வாரத்திற்கு உரிமங்களை இரவல் பெறுகின்றனர் எனக் கொள்வோம். எஞ்சிய 37 பேருக்கு 7 உரிமங்களே இருக்கும். மறுக்கப்படும் வாய்ப்பு 2 சதவீதத்திலிருந்து ஏறத்தாழ 10 சதவீதமாக உயரும். மூவரின் வசதிக்கான விலையை மற்ற முப்பத்தெழுவரும் சேர்ந்து செலுத்துகின்றனர். காரணம் அறியாத அலுவலகம் மேலும் உரிமங்கள் வாங்க முற்படும். இருக்கும் உரிமங்கள் மடிக்கணினிகளில் உறங்க, பொதுப்பணம் புதிய உரிமங்களுக்குச் செலவாகும்.

கடைப்பிடிக்க வேண்டிய விதிகள்

இரவலைத் தடை செய்வது தீர்வாகாது. இணைப்பற்ற இடத்தில் பணியாற்றுபவருக்கு வேறு வழியில்லை. வரம்பு விதிப்பதே முறை. பரவலாக வழங்கும் ஃபிளெக்ஸ்நெட் என்னும் உரிம நிர்வாக மென்பொருளில் இதற்கான வசதிகள் உள்ளன. இரவலாகச் செல்லக்கூடாத உரிமங்களின் எண்ணிக்கையை 'பாரோ லோவாட்டர்' என்னும் கட்டளையாலும், இரவலின் நீட்சியை 'மேக்ஸ் பாரோ அவர்ஸ்' என்னும் கட்டளையாலும் நிர்ணயிக்கலாம். பயன்பாடின்றித் திறந்து கிடக்கும் உரிமத்தை, அவ்வசதியை ஏற்கும் மென்பொருள்களில், 'டைம்அவுட்' கட்டளையால் மீட்கலாம்.

ஒரு பிரிவுக்கென உரிமங்களை ஒதுக்கிவைப்பதில் எச்சரிக்கை தேவை. நமது எடுத்துக்காட்டின் பத்து உரிமங்களை இருபதின்மர் கொண்ட இரு பிரிவுகளுக்கு ஐந்தைந்தாகப் பங்கிட்டால், மறுக்கப்படும் வாய்ப்பு ஏறத்தாழ 7 சதவீதமாகிவிடும்.

உரிமச் சர்வரைப் பொது இணையத்திற்கு நேராகத் திறந்துவிடுதல் கூடாது, வி.பி.என். வழியாக மட்டுமே அதை அணுகச் செய்தல் வேண்டும். மறுப்புகளைக் குறிக்கும் சர்வர் பதிவுகளை மாதந்தோறும் ஆராய்தல் வேண்டும். கணிப்பொறி அமைப்புகளின் பதிவுகளை 180 நாட்கள் பாதுகாக்குமாறு செர்ட்-இன் நிறுவனம் 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த கட்டளை அரசு அமைப்புகளையும் உள்ளடக்கியது. பாதுகாப்புக்காக வைக்கப்படும் இப்பதிவுகளே கொள்முதல் முடிவுக்கும் தக்க சான்றாகும்.

சட்டப் பொறுப்பு

சில ஒப்பந்தங்கள் உரிமத்தைக் குறிப்பிட்ட வளாகத்திற்குள் மட்டுமே பயன்படுத்த அனுமதிக்கின்றன. அத்தகைய உரிமத்தை ஊழியரின் வீட்டிற்கு நீட்டிக்கும் முன்னர் விற்பனையாளரின் எழுத்து வடிவ இசைவு பெறுதல் வேண்டும். கணிப்பொறி மென்பொருள் 1984ஆம் ஆண்டுத் திருத்தத்தால் பதிப்புரிமைச் சட்டத்தின் பாதுகாப்புக்குள் கொண்டுவரப்பட்டது. உரிமை மீறிய படியை அறிந்தே பயன்படுத்துவோருக்கு, 63பி பிரிவின்படி, 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும் 50,000 ரூபாய் முதல் 2 இலட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கப்படலாம். உரிமம் கிடைக்காத ஊழியர், கெடு நெருங்கும் நிலையில், முறையற்ற படியை நாடும் ஆபத்து உண்டு. முறையான உரிமம் உரிய நேரத்தில் கிடைக்கச் செய்வதே அதைத் தவிர்க்கும் வழி.

எத்தனை உரிமங்கள் உள்ளன, அவற்றுள் எத்தனை வெளியே சென்றுள்ளன, எத்தனை முறை மறுப்பு நேர்ந்தது ஆகிய மூன்று வினாக்களுக்கும் விடை அறிந்த பின்னரே புதிய கொள்முதலுக்கான கோப்பு மேலே செல்ல வேண்டும். பொதுவில் வைத்த பொருள் அனைவருக்கும் பயன்பட வேண்டுமாயின், அதன் கணக்கும் பொதுவில் இருத்தல் வேண்டும்.