எழுத்தாளர் வருமுன் புத்தகம் வரட்டும்

அன்புள்ள மருமகளுக்கு,

அத்தை எழுதுவது. நூலகப் பொறுப்பை எச்.எம். உன்னிடம் கொடுத்திருப்பதையும், குழந்தைகள் தினத்தன்று ஒரு சிறார் எழுத்தாளரைப் பள்ளிக்கு அழைக்கலாமா என்று நீ யோசிப்பதையும் உன் அப்பா சொன்னான். போனில் பேசினால் பாதி விட்டுப்போகும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அழை. கட்டாயம் அழை. ஆனால் நவம்பர் 14-ஐ விட்டுவிடு. அன்றைக்கு மாறுவேடப் போட்டி, பேச்சுப் போட்டி, மிட்டாய், பரிசளிப்பு என்று பிள்ளைகளுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. அந்த நெரிசலில் வருகிறவர் மேடையில் இன்னொரு நாற்காலியை நிரப்பிவிட்டுப் போவார். விசேஷம் எதுவும் இல்லாத ஒரு புதன்கிழமை போதும். அதற்கு ஒரு மாதம் முன்பே அவர் எழுதிய புத்தகம் உன் வகுப்புக்குள் வந்து, பிள்ளைகள் கையில் புரண்டு, அழுக்கேறியிருக்க வேண்டும். இந்தக் கடிதத்தில் மற்றதெல்லாம் மறந்துபோனாலும் இதை மட்டும் மறக்காதே.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் தெரியுமா? ஒரு பள்ளியில் நடந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். ஷாமியானா போட்டிருந்தார்கள். வரவேற்புரை, பொன்னாடை, வாழ்த்துரை, அதற்கு மேல் ஒரு வாழ்த்துரை. ஷாமியானா நிழல் நகர்ந்துபோய், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் எழுத்தாளர் கையில் மைக் வந்தபோது சத்துணவு மணி அடிக்கப்போகிற நேரம். ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து, கையில் மடித்து வைத்திருந்த சீட்டைப் பார்த்து, "தங்களுக்கு எழுத்தார்வம் எவ்வாறு ஏற்பட்டது?" என்று வாசித்தாள். டீச்சர் எழுதிக் கொடுத்த கேள்வி. அவர் ஏதோ பதில் சொன்னார். அந்தப் பெண் பதிலைக் கேட்கவே இல்லை. தப்பில்லாமல் வாசித்துவிட்டோமா என்று டீச்சர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள்மேல் குற்றமில்லை. அந்த எழுத்தாளரின் புத்தகம் ஒன்றைக்கூட அவள் கண்ணால் பார்த்ததில்லை.

படித்த பிள்ளைகள் வேறு மாதிரி கேட்பார்கள். இன்னொரு ஊரில், மூன்றாம் வகுப்புப் பையன் கேட்டது இது: "அந்த நாய்க்குட்டி ராத்திரி எங்க படுத்துக்கும்? கதையில சொல்லவே இல்லையே." எழுத்தாளர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நான் அதை நினைக்கவே இல்லப்பா, நீ என்ன நினைக்கிற?" என்றார். அவ்வளவுதான், வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிட்டது. மாட்டுக்கொட்டகை என்று ஒரு பக்கம், பாட்டி கட்டிலுக்கு அடியில் என்று ஒரு பக்கம். தன் கட்சிக்கு ஆதாரம் தேடிப் புத்தகத்தைப் பிரித்து, "பாருங்க, இந்தப் படத்துல கட்டிலுக்குக் கீழ சாக்கு இருக்கு" என்று ஒருத்தி காட்டினாள். ஒரு எழுத்தாளரைப் பள்ளிக்கு வரவழைப்பதே இப்படி ஒரு அரைமணி நேரத்துக்காகத்தான்.

யாரை அழைப்பது என்பதைப் புத்தகத்திலிருந்து தொடங்கு. சாகித்ய அகாதெமி 2010-லிருந்து பால சாகித்ய புரஸ்கார் கொடுத்துவருகிறது. யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்', உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை', யூமா வாசுகியின் 'தன்வியின் பிறந்தநாள்', விஷ்ணுபுரம் சரவணனின் 'ஒற்றைச் சிறகு ஓவியா' எல்லாம் அந்த விருது வாங்கியவை. நல்ல புத்தகங்கள். ஆனால் விருதுப் பட்டியலைப் பார்த்து மட்டும் முடிவு செய்யாதே. தமிழில் சிறார் இலக்கியம் என்று வருவதில் பெரும்பகுதி பத்து வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்கானது. நாவலாக இருக்கும், பக்கம் கூடுதலாக இருக்கும். உன் பள்ளியில் பாதிப் பேர் ஒன்றிலும் இரண்டிலும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரியும் பெரிய படமும் உள்ள புத்தகம் வேண்டும். துளிகா, பிரதம் புக்ஸ், நேஷனல் புக் டிரஸ்டின் நேரு பாலர் புத்தகாலய வரிசை இவற்றில் தேடு. பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் ஏராளம். இலவசமாக இறக்கி அச்செடுத்துக்கொள்ளலாம், திறந்த உரிமம்தான். ஸ்மார்ட் போர்டில் போட்டும் காட்டலாம். என்றாலும் கையில் பிடித்துப் புரட்ட ஒரு பிரதியாவது இருக்கட்டும்.

இன்னொன்று. 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' குழந்தைகளுக்கு நேரும் பாலியல் சீண்டலைப் பேசுகிற நாவல். அப்படிப்பட்ட புத்தகம் பள்ளிக்குள் வரத்தான் வேண்டும். ஆனால் நீ முதலில் முழுக்கப் படித்திருக்க வேண்டும். படித்த பிறகு ஒரு பிள்ளை உன்னிடம் வந்து எதையாவது சொன்னால் உட்கார்ந்து கேட்கவும் அடுத்து யாரிடம் போக வேண்டும் என்று தெரிந்திருக்கவும் வேண்டும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண் உன் வகுப்புச் சுவரில் இருக்கட்டும்.

இனி, வாசித்துக் காட்டுவது. நிகழ்ச்சி நடக்கும் நாளைவிட இதுதான் பெரிய வேலை என்பேன். தினமும் மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு கால்மணி நேரம் ஒதுக்கு. பிள்ளைகளைத் தரையில் அரைவட்டமாக உட்காரவை. நீ ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்காராதே. வெளிச்சம் உன் பின்னாலிருந்து வந்தால் அவர்களுக்குப் படம் இருட்டாகத்தான் தெரியும். புத்தகத்தை மடியில் வைத்துப் படித்துவிட்டு அப்புறம் தூக்கிக் காட்டுகிற பழக்கம் நிறைய டீச்சர்களுக்கு உண்டு. அது வேண்டாம். தோளுக்குப் பக்கத்தில் பக்கவாட்டில் பிடி, கீழ் முனையிலிருந்து பக்கத்தைத் திருப்பு. அப்போதுதான் நீ படிக்கும்போதே அவர்கள் படத்தைப் பார்க்க முடியும். முதல் நாள் அட்டையை மட்டும் காட்டி, எழுதியவர் பெயரையும் படம் வரைந்தவர் பெயரையும் சத்தமாகச் சொல். பக்கம் திருப்புவதற்கு முன்னால் ஒரு நொடி நில். "போச்சு, மாட்டிக்கிச்சு" என்று எவனாவது சொல்லுவான். அவனை அடக்காதே.

நடுவில் நிறுத்தி "இதிலிருந்து என்ன தெரிகிறது?" என்று கேட்காதே, கதை முடிந்ததும் நீதி சொல்லாதே, மறுநாள் கதைச்சுருக்கம் எழுதிவரச் சொல்லவே சொல்லாதே. கதைக்குப் பின்னால் பரீட்சை ஒளிந்திருக்கிறது என்று தெரிந்துவிட்டால் பிள்ளைகள் கதைக்கும் காது கொடுக்கமாட்டார்கள். "மறுபடியும் படிங்க டீச்சர்" என்றால் மறுபடியும் படி. ஐந்தாவது தடவை படிக்கும்போது, எழுத்துக் கூட்டவே தடுமாறுகிற பிள்ளை ஒன்று உனக்கு முன்னால் வரியைச் சொல்லிவிடும். பிறகு அதே பிள்ளை அந்தப் புத்தகத்தைத் தனியாக எடுத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்து, மனப்பாடமாகத் தெரிந்த வரிகளின் மேல் விரலை ஓட்டும். வேலை நடக்கிறது என்று அர்த்தம். "நீ படிக்கல, ஒப்பிக்கிற" என்று சொல்லி அதைக் கெடுத்துவிடாதே.

அரசு வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று புத்தகங்களைப் படிநிலை பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. அந்தப் பெயர் புத்தகத்தின்மேல் இருக்கட்டும், பிள்ளைமேல் ஒட்டாதே. 'நுழை' புத்தகத்தை எடுக்க ஐந்தாம் வகுப்புப் பையன் கூச்சப்பட்டால், நீயே அதில் ஒன்றை எடுத்து அவன் எதிரில் ரசித்துப் படி.

பீரோவைப் பற்றியும் சொல்ல வேண்டும். எத்தனையோ தொடக்கப் பள்ளிகளில் புத்தகம் இருக்கிறது, பீரோவும் இருக்கிறது, சாவி எச்.எம். மேஜை டிராயரில் இருக்கிறது. கிழிந்தால் யார் பொறுப்பு, தணிக்கையில் குறைந்தால் யார் பதில் சொல்வது என்ற பயம். அந்தப் பயத்தை நான் குறைத்துப் பேசவில்லை. இருப்புப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறவருக்குத்தான் அதன் கனம் தெரியும். ஆனால் நம் சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், 1931-இல் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தில் முதல் விதியாக வைத்ததே புத்தகம் பயன்படுவதற்கு என்பதைத்தான். முற்காலத்து ஐரோப்பிய நூலகங்களில் புத்தகங்களைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்ததை அவர் எடுத்துக்காட்டிப் பேசுகிறார். பூட்டிய பீரோவும் அந்தச் சங்கிலியும் ஒன்றுதான். எச்.எம்.மிடம் மரியாதையாகப் பேசு. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் "கையாளும்போது சேதமாகும் புத்தகங்களைப் பதிந்துகொள்ளலாம்" என்று ஒரு தீர்மானம் எழுதிவிட்டால் அவருக்கும் பாரம் குறையும்.

பிறகு புத்தகங்களை வெளியே கொண்டுவா. வகுப்பில் கயிறு கட்டித் தொங்கவிடு, முன்பு புத்தகப் பூங்கொத்து என்று செய்தோமே, அதுபோல. முதுகு மட்டும் தெரியும்படி அடுக்கினால் சின்னப் பிள்ளைகளுக்கு அது புத்தகமாகவே தெரியாது. அட்டை தெரிய வேண்டும். இரவல் நோட்டை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் இருவரிடம் கொடு. எடுப்பவர் தன் பெயரைத் தானே எழுதட்டும். முதல் வகுப்புப் பிள்ளை பெயர் எழுதத் தெரியாமல் ஒரு பூவோ மீனோ வரைந்தால் அதுவே அதன் கையெழுத்து. கிழிந்ததற்கு ஒரு அட்டைப்பெட்டி வை, வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் ஒட்டுகிற நேரம். செலோ டேப் வேண்டாம், ஒரு வருடத்தில் மஞ்சளாகிப் பொடிந்துவிடும். மெல்லிய தாளும் மைதாப் பசையும் போதும். தன் கையால் ஒட்டிய புத்தகத்தை எந்தப் பிள்ளையும் மறுபடி கிழிப்பதில்லை.

"போர்ஷன் முடியவில்லை, இதற்கெல்லாம் எங்கே நேரம்?" என்று யாராவது கேட்டால் வாதாடாதே. குஜராத்தியில் கிஜுபாய் பதேக்கா எழுதிய 'பகல் கனவு' தமிழில் கிடைக்கிறது, வாங்கி ஸ்டாஃப் ரூமில் போட்டுவை. நான்காம் வகுப்பை எடுத்துக்கொள்ளும் ஒரு ஆசிரியர் பாடப்புத்தகத்தை ஒதுக்கிவைத்துவிட்டுக் கதையில் தொடங்குவார். மேலதிகாரியும் சக ஆசிரியர்களும் சந்தேகத்தோடு பார்ப்பார்கள். கற்பனைப் பாத்திரம்தான், ஆனால் பாவ்நகரில் பல வருடம் குழந்தைகளோடு இருந்த ஒருவர் எழுதியது. படித்தவர்கள் பிறகு உன்னைக் கேள்வி கேட்கும் தொனியே மாறிவிடும்.

எழுத்தாளர் வரும் நாளுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒன்று, இரண்டு வகுப்புகள் தனியாக, மூன்று முதல் ஐந்து வரை தனியாக. நாற்பது பேருக்கு மேல் ஒரே நேரத்தில் வேண்டாம், மைக் வேண்டாம், மேடை வேண்டாம், பிள்ளைகள் மட்டத்தில் ஒரு முக்காலி. பொன்னாடைக்கு ஆகும் பணத்தில் அவருடைய புத்தகம் இன்னும் சில பிரதிகள் வாங்கு. பஸ் கட்டணத்தையும் ஒரு சிறு தொகையையும் உறையில் போட்டு, அவர் கேட்காமலே கொடு. எழுதுகிறவர்கள் வாயால் கேட்கமாட்டார்கள், ஒருநாள் சம்பளத்தை விட்டுவிட்டு வருகிறவர்களும் உண்டு. மதியம் பிள்ளைகளோடு உட்கார்ந்து சத்துணவு சாப்பிடட்டும். படம் வரைந்தவரும் வர முடியும் என்றால் விட்டுவிடாதே. ஒரு வெள்ளைத் தாளில் நாலு கோட்டில் யானை வருவதைக் கண்ணால் பார்த்த பிள்ளை, புத்தகம் என்பது மனிதர்கள் செய்கிற வேலை என்று புரிந்துகொள்ளும். இந்தியன் வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே குழந்தைப் பாட்டு எழுதிய அழ. வள்ளியப்பா 1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தைத் தொடங்கி, எழுதுகிறவர்களை ஒன்றுசேர்த்தார். இன்று தமிழ்நாடு சிறார் எழுத்தாளர் கலைஞர் சங்கம் இருக்கிறது. உன் மாவட்டத்தில் யார் இருக்கிறார்கள் என்று அங்கே விசாரி; சென்னையிலிருந்துதான் ஒருவர் வர வேண்டும் என்பதில்லை. உன் ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரராக இருந்தால் அவர் மறுபடியும் வருவார்.

கேள்விகளை நீ திருத்தாதே. "உங்களுக்கு எவ்வளவு சம்பளம்?" என்று கேட்பார்கள், "உங்களுக்குத் தப்பு எழுதினா யாரு அடிப்பா?" என்று கேட்பார்கள். கேட்கட்டும். முன்கூட்டியே அவரிடம் சொல்லிவை, அவர் சந்தோஷப்படுவார்.

அவர் போன மறுநாள்தான் பல பள்ளிகளில் எல்லாம் நின்றுபோகிறது. போட்டோ செய்தித்தாளில் வந்துவிடும், புத்தகம் பீரோவுக்குள் போய்விடும். நீ மறுநாளும் அதே நேரத்தில் அடுத்த புத்தகத்தைப் பிரி. அவருக்குக் கடிதம் எழுத ஆசைப்படுகிற பிள்ளைகள் எழுதட்டும். எல்லோரும் எழுத வேண்டும் என்று சொல்லாதே. எழுத்துப்பிழையைச் சிவப்பு மையால் வட்டமிடாமல் அப்படியே உறையில் போடு. எழுதத் தெரியாதவர்கள் படம் வரைந்து வைக்கட்டும். பள்ளி முகவரியைப் பின்கோடோடு தெளிவாக எழுது. பதில் வந்தால் அந்தந்தப் பிள்ளையின் கையிலேயே, பிரிக்காமல் கொடு.

அன்புடன்,
உன் அத்தை