குழந்தை "ஏன்?"னு கேட்டா, செருப்பை மாட்டிக்கிட்டுக் கிளம்பு

தங்கச்சி, மூணு நாலு வயசுப் பிள்ளை வாயைத் திறந்தாலே "இது என்ன, அது ஏன்"தான். அடுப்புல சாதம் கொதிக்கும்போது கேட்டா "சும்மா இரு"ன்னு வாய் வரைக்கும் வரும். அதைச் சொல்லிடாதேம்மா. "வா, பாத்துட்டு வரலாம்"னு சொல்லு. நம்ம வடசென்னையில பார்க்கிறதுக்கா பஞ்சம்?

எண்ணூர் ரோட்டுல பஸ் கன்டெய்னர் லாரி வரிசைக்குப் பின்னாடி மாட்டிக்கிட்டா போனைக் கையில கொடுக்காதே. பெட்டி மேல இருக்கிற நாலு எழுத்தைக் காட்டு. நாலாவது பெரும்பாலும் 'யு'வாத்தான் இருக்கும். பிள்ளை அதைத் தேடிக் கண்டுபிடிச்சு ஒவ்வொரு பெட்டிக்கும் கத்தும். மூலையில இருக்கிற ஓட்டை எதுக்குன்னு கேக்கும். கிரேன் அந்த ஓட்டையிலதான் பூட்டை நுழைச்சு, திருப்பி, தூக்கும். உன் கையையே கிரேனாக்கித் தீப்பெட்டியில செஞ்சு காட்டு.

காசிமேட்டு மீன் சந்தைக்கு வெயில் ஏறுறதுக்குள்ள போ. மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்க்கிற வேலையைப் பிள்ளைகிட்ட விடு. சிவப்பா இருந்தா நல்ல மீன், வெளிறியிருந்தா வேணாம். சங்கராவோட செவுளுக்குள்ள விரலை விட்டுட்டு "அம்மா, சீப்பு மாதிரி இருக்கு!"ன்னு என் பொண்ணு சொன்னப்போதான், இத்தனை வருஷம் மீன் கழுவின நானே அதை உத்துப் பார்த்தேன். மீன் விக்கிற ஆயாங்க கோபிச்சுக்க மாட்டாங்க. கேட்டுட்டுத் தொடணும், அவ்வளவுதான்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச கேள்வி, "மெரினால அவ்ளோ மணல் இருக்கு, இங்க ஏன் கல்லா இருக்கு?" இதுக்கு நேரம் எடுத்துக்கோ. நம்ம கரையில மணல் வருஷத்துல பெரும்பகுதி தெற்கேயிருந்து வடக்கே நகரும். 1870-களில் துறைமுகச் சுவர் கட்ட ஆரம்பிச்சதும் மணல் தெற்கே தேங்கி மெரினா அகலமாச்சு. வடக்கே வரவேண்டியது வராம, கடல் நம்ம கரையை அரிச்சுது. அதைத் தடுக்கத்தான் கரையில கல்லும், கடலுக்குள்ள நீட்டிக் கட்டின தூண்டில் வளைவும். வாயால சொன்னா புரியாது. வாசல்ல கொஞ்சம் மணலைக் கொட்டி, தண்ணியை மெதுவா ஓடவிட்டு, குறுக்கே ஒரு செங்கல் துண்டு வை. ஒரு பக்கம் மணல் சேரும், மறுபக்கம் பள்ளம் விழும். பிள்ளை செங்கலை எடுக்கும், திரும்ப வைக்கும், உன்னை விடவே விடாது. நீயும் உக்காந்து விளையாடு. ராத்திரிக்கு ரசம் போதும்.

ராயபுரம் ஸ்டேஷன் தூணைத் தொட்டுப் பார்க்கச் சொல்லு. தென்னிந்தியாவோட முதல் பயணிகள் ரயில் 1856-ல் இங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்குக் கிளம்புச்சு.

கடற்கரைக்குப் போனா கல் மேல ஏறவிடாதே, பாசி வழுக்கும். தண்ணியில எண்ணெய்ப் படலமோ காத்துல கெமிக்கல் வாடையோ இருந்தா அன்னிக்கு வீட்டுக்குத் திரும்பிடு. ஏன் திரும்புறோம்னு கேக்கும். அதையும் மறைக்காம சொல்லு.